மூலை அறையின் கதவைத் திறந்தவர்

மேடையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, மகளிரியல் துறையின் பொறுப்பைக் கண்ணீர் காயும் முன்பே தோளில் ஏற்றுக்கொண்ட இளம் பேராசிரியை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் மேடத்தின் மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மேடம் வாங்கிய பட்டங்களைச் சொன்னார்கள். எழுதிய நூல்களைச் சொன்னார்கள். எத்தனை நாடுகளுக்குப் போய்ப் பேசினார் என்று சொன்னார்கள். எல்லாம் உண்மை. நான் வரலாற்றுத் துறைக்காரன். என்னைப் பேசக் கூப்பிட்டால் பழைய கதையைத்தான் சொல்லுவேன் என்று கூப்பிட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கதையை இந்த வளாகத்தில் ஒலிபெருக்கியின் முன்னால் யாரும் இதுவரை சொன்னதில்லை. மேடத்தின் மகளிடமும், இந்தக் கதைக்குச் சொந்தமான குடும்பத்தாரிடமும் கேட்டு, அவர்கள் "சொல்லுங்க" என்ற பிறகே எழுந்து வந்திருக்கிறேன்.

பேராசிரியர், முனைவர், துறைத் தலைவர் என்று எத்தனை பட்டங்கள் இருந்தாலும் மாணவர்களுக்கு அவர் 'ஒரு நிமிஷம் மேடம்'. ஏன் அந்தப் பெயர் என்று ஆட்சிமன்றக் கூட்டத்தில் அவருடன் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கூட்டம் வழுக்கிக்கொண்டு போகும். தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும். தேநீர் வரும் நேரம். அப்போது ஒரு மூலையிலிருந்து மெல்லிய குரல் கேட்கும்: "ஒரு நிமிஷம்." அவ்வளவுதான், தேநீர் ஆறிப்போகும். எதை எல்லோரும் தாண்டிப் போகிறோமோ அந்த இடத்தில் நின்று அவர் கேள்வி கேட்பார். அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாகும். நானும் அலுத்துக்கொண்டவன்தான்.

மகளிரியல் துறை தொடங்கியபோது என்ன நடந்தது என்று இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பணம் ஒதுக்கினார்கள், பெயர்ப்பலகை எழுதினார்கள், இடம் மட்டும் இல்லை என்றார்கள். கடைசியில் பழைய பெண்கள் விடுதிக் கட்டடத்தில், மாடியில், மூலை அறையைக் கொடுத்தார்கள். விடுதி வேறு இடத்துக்குப் போன பிறகு அந்தக் கட்டடத்தை எங்களைப் போன்ற கலைத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லா அறையும் நிரம்பியிருந்தது, அந்த ஒன்றைத் தவிர. ஏன் காலியாக இருந்தது? அங்கே பேய் இருக்கிறது என்றார்கள். நானும் அதற்கு அடுத்த அறையில் பல வருடங்களாக உட்கார்ந்திருந்தேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எல்லோரும் போன பிறகு அங்கே தனியாக உட்கார்ந்ததில்லை. என்னவோ, வேலை இருக்காது.

மேடம் வந்தார். அறையைப் பார்த்தார். ஒட்டடை அடிக்க வந்த பெண் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மேடம் அவரிடமிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று மாலை தலை முழுக்கத் தூசியுடன் என் அறைக்கு வந்து, "சார், உங்களுக்கும் எனக்கும் நடுவுல சுவர் பாதிதான் இருக்கு, கவனிச்சீங்களா?" என்றார். உண்மைதான். ஒரு காலத்தில் இரண்டு அறைகளுக்கும் நடுவே வாசல் இருந்திருக்கிறது. அதைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அந்தப் பலகை வழியாகத்தான் நான் மகளிரியல் படித்தேன். கட்டணம் கட்டாமல், வருகைப் பதிவு இல்லாமல், தேர்வு எழுதாமல் படித்த ஒரே மாணவன் நான்.

முதல் ஆண்டு எப்படிப்பட்ட பேச்செல்லாம் பேசினார்கள். "பொம்பளைங்க படிப்பா, சமையல் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று என் துறை ஆசிரியர் ஒருவரே கேட்டார். மேடம், "சொல்லிக் குடுப்போம். யார் சமைக்கறாங்க, யார் முதல்ல சாப்பிடறாங்கன்னு ஒரு முழுப் பாடமே இருக்கு. வந்து உக்காருங்க" என்றார். சேர்க்கை நாளில் ஒரு தகப்பனார் மகளை அழைத்து வந்தார். "இந்தப் படிப்பு படிச்சா பொண்ணுக்கு வேலை கிடைக்குமா, இல்ல வர்ற வரனும் நின்னு போகுமா?" என்று கேட்டார். மேடம் யோசித்துவிட்டு, "ரெண்டும் நடக்கலாம்" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டார். தடிமனான கண்ணாடி போட்டிருந்த அந்தப் பெண்ணை வகுப்பே 'கண்ணாடி' என்று கூப்பிட்டது. அவர்தான் இன்று இந்த மேடையில் துறைப் பொறுப்பாளராக அமர்ந்திருக்கிறார்.

அந்த முதல் ஆண்டில் மாணவிகள் மாடிக்கு ஜோடி ஜோடியாகத்தான் வருவார்கள். தனியாக ஒருத்தி வந்தால் படிக்கட்டின் கீழேயே நின்று இன்னொருத்திக்காகக் காத்திருப்பாள். மேடம் ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஒரு நிமிஷம். இந்த ரூம்ல ஒரு பொண்ணு இருக்கான்னு எல்லாரும் சொல்றீங்க. அவ யாரு?"

வகுப்பில் சிரிப்பு. யாரோ, "பேய் மேடம்" என்றார்கள்.

"பேய் ஆகறதுக்கு முன்னாடி?"

சிரிப்பு நின்றது.

அதுதான் அந்த வகுப்புக்கு முதல் களப்பணி. வாய்மொழி வரலாறு சேகரிக்க எங்கள் துறையில் மாணவர்களை எங்கெங்கோ அனுப்புவோம். மேடம் அவர்களைப் படிக்கட்டுக்குக் கீழே அனுப்பினார். காவலாளியைக் கேளுங்கள், பழைய சமையல்கூடத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், முன்பு இங்கே தங்கிப் படித்தவர்களைத் தேடிப் பிடியுங்கள், ஆளுக்கு ஒரு கதை சொல்லுவார்கள், ஒன்றையும் திருத்தாமல் கொண்டு வாருங்கள் என்றார்.

கதைகள் வந்து குவிந்தன. அவள் அறிவியல் படித்தாள் என்றது ஒன்று. இசை படித்தாள் என்றது இன்னொன்று. காதலன் கைவிட்டான், இல்லை, காதலனே இல்லை, ஆசிரியர் ஒருவர்தான். விஷம் குடித்தாள், கையை அறுத்துக்கொண்டாள். பாதிக் கதைகளில் அவள் கையில் ஒரு குழந்தை இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுவாள். இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தாத கதைகள். ஆனால் எல்லாக் கதையிலும் ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை. அவள் அந்த அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டுவாள்.

மேடம் அங்கேதான் நின்றார். "ஒரு நிமிஷம். பேய்னா சுவரைத் தாண்டி வரணும். இது ஏன் கதவைத் தட்டுது? யார் வந்து திறக்கணும்னு தட்டுது?"

வகுப்பு முடிந்த பிறகும் நான் என் மேசையிலிருந்து எழவில்லை. வரலாறு படித்தவன் நான். அடுத்த அறையில் இருந்தவன் நான். இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை?

அந்தக் காலத்து விடுதிக் காப்பாளர் உயிரோடு இருந்தார். நகரத்தின் மறுகோடியில், முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தார். என்னிடம் கார் இருந்ததால் மேடமும் கண்ணாடியும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சுத்தமான சிறிய அறை. சன்னலோரம் ஒரு நாற்காலி. வெள்ளை வெளேரென்ற தலை. நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்று மேடம் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"வயித்துவலின்னு வந்தா. விடாம வாந்தி. வயசுப் பொண்ணு, கல்யாணம் ஆகல, காலங்காத்தால வாந்தி எடுக்கறா. நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க?"

"டாக்டரைக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டா வெளிய தெரிஞ்சிடுமே. ஆபீசுக்கு போன் பண்ணேன். அவங்க அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிச்சாச்சு, அவர் வர்ற வரைக்கும் யாரையும் பாக்க விடாதீங்கன்னாங்க. வெளித்தாழ்ப்பாளைப் போட்டுட்டேன். சன்னல் வழியா சாப்பாடு குடுத்தேன், அவதான் தொடல."

"சத்தம் போட்டாளா?"

"தட்டினா. தட்டிக்கிட்டே இருந்தா. மறுநாள் மத்தியானம், 'வலி விட்டுருச்சு மேடம், திறங்க'ன்னா. பாத்தியா, நடிச்சிருக்கான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் தட்டல. தூங்கறான்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் அப்பா வெகுதூரத்திலிருந்து வந்து சேர்ந்தபோதுதான் கதவு திறந்தது.

குடல்வால் வெடித்திருந்தது. குழந்தையும் இல்லை, காதலும் இல்லை. குடல்வால். வெடிக்கிற நேரத்தில் வலி கொஞ்ச நேரம் தணிந்தது போல இருக்கும் என்று பிறகு ஒரு மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். 'வலி விட்டுருச்சு' என்று அவள் சொன்னதும் நிஜம்தான்.

"இதை அவங்க அப்பாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"டாக்டர் ஆபீஸ்ல சொன்னாரு. ஆபீஸ்ல என்ன சொல்லி அனுப்பினாங்கன்னா, உங்க மானத்துக்காக நாங்க எதையும் வெளிய விடல, ஆக வேண்டியதைப் பாருங்கன்னாங்க. அவங்க அப்பா எல்லாரையும் கும்பிட்டுட்டுப் போனாரு."

கும்பிட்டுவிட்டுப் போனார். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இன்றும் பழகவில்லை.

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா, "இங்க யாராவது என் கதவைத் தட்டினா ஓடிப்போய்த் திறக்கறேன். சாப்பாடு கொண்டு வர்றவங்க சிரிக்கறாங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில், பின் இருக்கையில் கண்ணாடி கொதித்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா மேல கேஸ் போடணும் மேடம். சும்மா விடக் கூடாது."

"போடலாம்" என்றார் மேடம். "ஒரு நிமிஷம். வயசுப் பொண்ணு, காலைல வாந்தின்னு அந்தம்மா சொன்னப்போ உனக்கு முதல்ல என்ன தோணுச்சு?"

கண்ணாடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்காமல் விட்டாரே என்று இருந்தது.

இதற்குப் பிறகு மேடம் மாறிப்போனார். வெளியே பார்த்தால் அதே சிரிப்பு, அதே கிண்டல். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிட்டு எதையோ காது கொடுத்துக் கேட்பார்.

விடுமுறைக் காலத்தில் ஒரு மத்தியான நேரம். கட்டடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மூலை அறையிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக மூன்று நான்கு தட்டு. பிறகு இடைவெளி. மறுபடி தட்டு, இந்த முறை வேகமாக. பிறகு உள்ளங்கையால் அடிப்பது போல. பேனாவைக் கீழே வைக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்றது. அதன் பிறகுதான் என்னால் எழ முடிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். மூலை அறையின் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், திறந்துகொண்டது. உள்ளே மேடம் நின்றிருந்தார். விரல் முட்டி சிவந்திருந்தது.

"கேட்டுச்சா சார்?" என்றார்.

"கேட்டது."

"எங்க உக்காந்திருந்தீங்க?"

"என் மேசையில."

"அப்போ பக்கத்து ரூமுக்குக் கேக்கும்." விரல் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க எழுந்து வர ரொம்ப நேரம் ஆச்சு சார்."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஒரு ஆய்வாளர் குறிப்பு எடுப்பது போலத்தான் சொன்னார்.

பெரியோர்களே, இந்த இடத்தில் நிர்வாகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தத் தொலைபேசியை எடுத்துப் பேசிய அதிகாரி இன்று உயிரோடு இல்லை. பதில் சொல்ல முடியாதவரைப் பற்றி அதிகம் பேசுவது முறையல்ல. ஆனால் பதில் சொல்ல முடிந்தவர்கள் என்ன செய்தார்கள்? நடந்ததைச் சொல்லி அந்தக் குடும்பத்துக்குப் பல்கலைக்கழகம் ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று மேடம் கேட்டார். பழசைக் கிளற வேண்டாம் என்றார்கள். அனுமதியின்றிக் களப்பணி செய்ததற்கு விளக்கம் கேட்டார்கள். மூலை அறை வேறு உபயோகத்துக்குத் தேவைப்படலாம் என்று ஜாடையாகச் சொன்னார்கள். யாருமே நுழையாத அறை திடீரென்று எல்லோருக்கும் தேவைப்பட்டது. மேடம் என்னிடம் வந்து, "துறையை மூடிடுவாங்களா சார்?" என்று கேட்டார். மூடலாம் என்றேன். "அப்போ அதுக்குள்ள அந்தப் பொண்ணோட வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார்.

முன்பு அந்த விடுதியில் தங்கிய ஒருவரிடம் முகவரி வாங்கிக்கொண்டு பேருந்தில் போனோம், என் கார் அவ்வளவு தூரம் தாங்காது. மேடம், கண்ணாடி, நான். வேறொரு ஊர். கடைத்தெருவில் ஒரு சின்னத் தையல் கடை. கடைக்காரப் பெண் வாய் நிறைய ஊசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். இறந்துபோனவளின் தங்கை. அக்கா இறந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர். 'ஒருத்தியைப் படிக்க வெச்சது போதும்' என்று அதோடு நிறுத்திவிட்டார்கள்.

எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு? அம்மா உள்ள இருக்காங்க. அவங்க காதுல விழ வேணாம்."

தையல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி மேடம் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தப்பாக நினைத்தார்கள், பூட்டி வைத்தார்கள், குடல்வால் வெடித்தது, உங்கள் அப்பாவிடம் மறைத்துவிட்டார்கள். தங்கை அசையாமல் கேட்டார். முதலில் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அவ கத்தலையா? அவ சும்மா இருக்கற ஆளே இல்லையே. வீட்டுல அவளை வாயாடின்னுதான் கூப்பிடுவோம். தூக்கத்துலகூடப் பேசுவா."

"தட்டினா" என்றார் மேடம்.

"யாருக்கும் கேக்கலையா?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் மேடம் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எத்தனை சுலபமான பொய் அது.

"கேட்டுச்சு. கேக்கற தூரம்தான். நானே உள்ள நின்னு தட்டிப் பாத்தேன்."

அப்போது உள்ளிருந்து திரை விலகியது. அம்மா நின்றிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"அதுக்கு ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணா" என்றார். "வயிறு வலிக்குதும்மான்னா. நேரத்துக்குச் சாப்பிடாம சுத்துனா வலிக்கத்தான் செய்யும்னு திட்டினேன். அப்புறம் இவங்கப்பா வந்து அந்த மாதிரி விஷயம்னு சொன்னாரு. அடிப்பாவி, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கா, வாய் வராம வயித்துவலின்னு சொல்லியிருக்கா, நான் புரிஞ்சுக்காம போயிட்டேனேன்னு இருந்தேன். இத்தன காலமும் அப்படித்தான் இருந்தேன்."

மேடத்தின் கையைப் பிடித்தார்.

"வயித்துவலின்னு சொன்னது வயித்துவலிதானா?"

"ஆமாம்மா. வயித்துவலிதான்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அழுதாரா என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. நான் கடைக்கு வெளியே வந்துவிட்டேன்.

பேருந்தில் ஊர் திரும்பினோம். இறங்கும்போது மேடம், "இதைப் பாடமா எப்படி நடத்தறதுன்னு தெரியல சார்" என்றார். ஆனால் நடத்தினார். ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் முதல் நாள் நடத்தினார். பாலினம் என்றால் என்ன என்பதற்கு எந்த நூலின் வரையறையையும் அவர் முதலில் சொன்னதில்லை. ஒரு பெண் வயிறு வலிக்கிறது என்று சொன்னாள், அதைக் கேட்டவர்கள் காதில் வேறொன்று விழுந்தது, ஏன், என்றுதான் தொடங்குவார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இரண்டு வருடம் இங்கே படிக்கப் போகிறீர்கள் என்பார்.

தங்கை ஒரு முறை அந்த அறையைப் பார்க்க வந்தார். மாணவிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அக்காவைப் பற்றிப் பேசினார். காய்கறிக்காரரிடம் அவள் பேரம் பேசியதை, தலைமையாசிரியர் மாதிரி நடந்து காட்டியதை, பக்கத்து வீட்டுப் பெரியவர் இவள் வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொண்டதை எல்லாம் சொன்னார். பலகைக்கு அப்பால் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று முதல் மாணவிகள் யாரும் அங்கே பேய் என்று சொல்வதில்லை. விளக்கு அணைந்தால், "வாயாடி, கொஞ்சம் லைட்டப் போடேன்" என்பார்கள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? மேடத்துக்கு ஆகவில்லை. அவர் வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விட மாட்டார் என்று அவர் மகள் என்னிடம் சொன்னார். "குளியலறைக் கதவுக்கு மட்டும் சண்டை போட்டு அனுமதி வாங்கினோம் அங்கிள்" என்றார். என் அறைக்கு வரும்போது மேடம் தட்ட மாட்டார், குரல் கொடுத்துக்கொண்டே வருவார். மாணவர்கள் தட்டினால் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடுவார். வந்தவர் விடுப்புச் சீட்டில் கையெழுத்து வாங்க வந்திருப்பார்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று. பெண்கள் விடுதிக் கதவுகளில் இருக்கும் வெளித்தாழ்ப்பாளை எடுக்க வேண்டும் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். உலகமே மாறிக்கொண்டிருக்கிறது, நீங்கள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே என்றார்கள். வெளியே போகிறவர்கள் அறையைப் பூட்ட வேண்டாமா என்று கேட்டார்கள். உள்ளிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு கடையில் கிடைக்கிறது என்று ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து ஆட்சிமன்ற மேசையில் வைத்தார். ஒரு வருடம் இழுத்தார்கள். கடைசியில் பராமரிப்புப் பிரிவின் தச்சர் வந்து விடுதி முழுக்க ஒவ்வொன்றாகக் கழற்றினார். மேடம் கூடவே நடந்து ஒவ்வொரு கதவையும் உள்ளே நின்று திறந்து பார்த்தார்.

இப்போது விடுதிக்குப் புதிய கட்டடம் எழும்பியிருக்கிறது. பளிங்குத் தரை, மின்தூக்கி, எல்லாம் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு முன்னால் மேடம் நோய் உடம்போடு போய்ப் பார்த்தார். எல்லாக் கதவிலும் வெளித்தாழ்ப்பாள். பளபளவென்று புதிது. ஒப்பந்தக்காரரின் வரைபடத்தில் அப்படித்தான் இருந்ததாம். மேடம் எழுதினார். மறுபடியும் எழுதினார். மருத்துவமனையில் படுத்துக்கொண்டும் எழுதினார்.

நான் கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது பேச்சுக்கே மூச்சு வாங்கியது. செவிலியர் ஊசி போட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். "சாத்தாதீங்கம்மா" என்றார் மேடம். வராந்தாவின் சத்தம் எல்லாம் உள்ளே வந்தது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"புது பிளாக் என்ன ஆச்சு சார்?"

"பேசிக்கிட்டிருக்காங்க மேடம்."

அவர் சிரித்தார். "அப்போ தாழ்ப்பாள் இருக்கு."

அதற்கு மறுநாள் அவர் இல்லை.

இறுதிக் காரியங்கள் முடிந்த சில நாள் கழித்து, மாடிப்படியின் கீழே இரண்டு மாணவிகள் நின்றிருந்தார்கள். முதல் ஆண்டு. முகம் வெளுத்திருந்தது. "சார், மேடம் ரூம்ல ஏதோ சத்தம் கேக்குது" என்றாள் ஒருத்தி. மற்றவள் என் காதருகே வந்து, "மேடமா இருக்குமோ சார்?" என்றாள்.

நண்பர்களே, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பேயை மறுபடியும் பெண்ணாக்குவதற்கு அந்த மனுஷி எவ்வளவு பாடுபட்டார். அவர் போன ஈரம் காய்வதற்குள் அவரையே பேயாக்கிவிடுவோமா நாம்?

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் கேட்டது. மேலே ஏதோ இருந்தது. நான் அந்தப் பிள்ளைகளிடம், "சத்தம் கேட்டா மேல ஏறிப் போய்க் கதவைத் திறங்கம்மா. பேயா ஆளான்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். மூன்று பேரும் ஏறினோம். கதவை அந்தச் சின்னப் பெண்தான் திறந்தாள். உள்ளே பெஞ்சுகள் இருந்தன. சன்னல் திறந்திருந்தது, மூடியும் இருந்திருக்கலாம், எனக்கு நினைவில்லை. சத்தம் எதனால் வந்தது என்று நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது கதவைச் சாத்தப் போனவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்லுவோம். சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடுவோம். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. நாளைக் காலை, வகுப்புகள் தொடங்கும் முன்பே, நானும் கண்ணாடியும் புதிய விடுதிக்குப் போகிறோம். கையில் திருப்புளி இருக்கும். முன்பு கழற்றிய தச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். துணைவேந்தர் அவர்களே, இதை உங்கள் முன்னிலையில், ஒலிபெருக்கியில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டேன். அதனால் இது திருட்டில் சேராது. கழற்றிய தாழ்ப்பாள்களை எண்ணிப் பார்த்து அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறோம். என் மீது நடவடிக்கை எடுப்பதானால் சீக்கிரம் எடுங்கள். அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெறுகிறேன்.

வர விரும்புகிறவர்கள் வாருங்கள். கதவுகள் நிறைய இருக்கின்றன, கைகள் போதாது. ஒவ்வொன்றையும் கழற்றிய பிறகு ஒருவர் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு, தானே திறந்து வெளியே வந்து காட்ட வேண்டும். மேடம் அப்படித்தான் செய்தார், நாமும் அப்படித்தான் செய்வோம்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. உள்ளே தட்டுகிற ஒரு பெண், வெளியே இருப்பவரின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டிய கதவு ஒன்றாவது இந்த வளாகத்தில் மிச்சமிருக்கும் வரை, இந்த உரையை நான் முடித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.